மழைக்கு ஓட வேண்டாத ஊர்

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அயர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தம்பி, அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி, பக்கத்து நெல்குவியலுக்குச் சொந்தக்காரரான பாய். லோடுமேன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மற்ற குவியல்காரர்கள் நிழல் தேடி ரோட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். ஐந்து பேர்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் நெல்லையும் சேர்த்தால் ஆறு என்று சொல்லலாம். ஒன்பது நாளாக அதோடு ஓர் ஆளிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தேன்.

களம் என்றால், கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் கிடக்கும் பொட்டல். அறுத்த நெல்லை அங்கே கொட்டி, எடை போட முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். அந்தத் தை மாதம் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கதிர் முற்றியது. எல்லோரும் ஒரே வாரத்தில் மெஷின் விட்டு அறுத்தோம். எல்லோரும் அந்த ஒரே பொட்டலில் கொண்டுவந்து கொட்டினோம். என்னுடையது மூன்று ஏக்கர் சம்பா. நாற்பது கிலோ மூட்டையைச் சிப்பம் என்போம், நூற்றைம்பது சிப்பம் தேறும் என்று கணக்கு. அடுத்த தைவரைக்கும் எங்கள் வீட்டில் நடக்க வேண்டியது எல்லாம் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது.

ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். முந்தின நாள் சின்ன மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்தபோது பதினெட்டரை காட்டியது. "நல்லா ஒரு வெயில் காட்டுங்க, நாளைக்கோ மறுநாளோ ஒங்க மொறதான்" என்றார்கள். அதனால் அன்று காலையிலேயே குவியலைப் பரப்பிவிட்டு, கிழக்கே ஒரு தரம், நெல்லை ஒரு தரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே மேகம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு என்னால் போக முடியவில்லை. நெல்லை விட்டுவிட்டு எப்படிப் போவது? நாலு வருஷம் கழித்து வருகிறவனை அண்ணன்காரன் வீட்டில் இருந்துகூட வரவேற்கவில்லை என்று யாராவது பேசியிருப்பார்கள். மூன்றாம் நாள் அவனே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, என் மனைவியின் தூக்குவாளியையும் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்துவிட்டான். பாய் தன் குவியல் ஓரத்தில் நாலு மூங்கிலை நட்டு, சாக்கைப் போர்த்தி ஒரு நிழல் போட்டிருந்தார். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு. தம்பி மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தம்பி படிக்க வேண்டும் என்று அண்ணன் ஏர் பிடிக்கப் போனான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் சொல்லும்போது தம்பி தலையைக் குனிந்துகொள்வான். உண்மையில் என்னை யாரும் நிறுத்தவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்துகொண்டு நானாக நின்றுவிட்டேன். பரீட்சை அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன், அடுத்த நாளும் படுத்தேன், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இதை நான் யாரிடமும் திருத்தியதில்லை. திருத்தாமல் விட்டால் எனக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது, ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

பொறாமையும் எனக்குப் புதிதல்ல. தம்பி கார் வாங்கிப் படம் அனுப்பியபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பனியில் நின்று எடுத்த படத்துக்கு ஒரு நாள். அதெல்லாம் சரியாகிவிடும். கார் என்பது காசு. காசு எப்போதாவது நமக்கும் வரலாம், வராவிட்டால் யாருக்கும்தான் வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் களத்துக்கு வந்த அன்றும் பெரிய விஷயங்களைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். சம்பளம், வீடு, ரோடு, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் என் மனைவிதான் ஆரம்பித்தாள். தம்பி மனைவியைப் பார்த்து, "ஏன்டி, கேக்கறேன்னு நெனைக்காத. இவ்வளவு தூரம் போயி, குளிர்ல நடுங்கிக்கிட்டு, அங்க ஒனக்கு என்னதான் புடிச்சிருக்கு?" என்றாள்.

அந்தப் பெண் சம்பளத்தைச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸுதான்க்கா" என்றாள்.

"பஸ்ஸா?"

"ஆமாக்கா. அங்க பஸ்ஸவிட்டு எறங்கறப்ப எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்லிட்டு எறங்குவாங்க. சின்னப் புள்ளைங்க, கெழவங்க, குடிச்சிட்டு வர்றவன்கூட. மொத நாள் நான் சொல்றப்ப சிரிப்பா வந்துச்சு. இப்ப சொல்லாம எறங்குனா, மிச்சச் சில்லறைய வாங்காம எறங்குன மாதிரியே இருக்கு."

பாய் பல்லைக் குத்திக்கொண்டே, "நம்ம மன்னார்குடி பஸ்ல சொல்லிப் பாரும்மா. டிக்கெட் எடுத்தியா இல்லியான்னு கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துரும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ இடறியது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. நன்றி சொல்வதற்குக் காசு வேண்டாமே.

அவள் அடுத்தது சொன்னாள். டூட்டி முடிந்து வருகிற வழியில் கடலை ஒட்டி ஒரு சுவர், சுவரைப் பார்த்து ஒரு பெஞ்சு. வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைச் சூடாக ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு அந்தப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்வாளாம். அப்புறம் வீட்டுக்கு வருவாளாம்.

"தனியாவா?" என்றாள் என் மனைவி.

"தனியாத்தான்."

"யாரும் ஏன் உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"யாரு கேக்கப் போறாங்கக்கா? கேட்டா, காத்து ஜாஸ்தியா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவ்வளவுதான்."

"பத்து நிமிஷமா" என்றாள் என் மனைவி, யாரிடமும் இல்லாமல். தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கிறேன். புடவைக்கோ நகைக்கோ அந்த முகம் அப்படி ஆனதில்லை. தம்பி மனைவி மேல் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் இல்லாத ஒரு பண்டத்தை என் பெண்டாட்டிக்குக் காட்டிவிட்டாளே என்று இருந்தது. வாங்கித் தர முடியாத பண்டம்கூட இல்லை அது. பத்து நிமிஷம். அதை ஏன் இத்தனை வருஷம் நான் தரவில்லை என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. அவள் கேட்கவில்லை.

தம்பியின் முறை வந்தது. அவன் அங்கே ஒரு கிடங்கில் சாமான் அடுக்குகிறான். அவனுக்குப் பிடித்தது குப்பைத்தொட்டி என்றான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சக்கரம் வைத்த தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் வைப்பதாம். தெருவில் எல்லோரும் அதே நேரத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார்களாம். கடகடவென்று ஒரு சத்தம் தெரு முழுக்கக் கேட்குமாம்.

"தேர் இழுக்கற மாதிரின்னு சொல்லு" என்றார் பாய்.

"ஆமா பாய், கிட்டத்தட்ட அப்படித்தான்."

"குப்பைக்குத் தேரு. நல்ல ஊருதான்."

கிடங்கில் ஒருத்தன் தனக்கு டீ போட எழுந்தால் எட்டுப் பேருக்கும் கேட்டுவிட்டுத்தான் போடுவான் என்றான். கோடையில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் என்றான். பத்து மணிவரை வெளிச்சம் இருந்தால் எத்தனை குழி நிலத்தில் களை எடுக்கலாம் என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவன் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் செய்வதில்லையாம். சும்மா நடப்பானாம்.

"எல்லாத்தவிட மழைண்ணே" என்றான் கடைசியில். என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மழையா?"

"அங்க தெனம் மழை. காலைல பெய்யும், நிக்கும், மறுபடி பெய்யும். ஒருத்தனும் அண்ணாந்து பாக்க மாட்டான். என்னிக்காவது பெய்யலன்னா எதுத்தாப்ல வர்றவன் எல்லாம் இன்னிக்கு நல்ல நாளுன்னு சொல்லிட்டுப் போவான். மழைன்னா கொடில கெடக்கற துணிய எடுத்து உள்ள போடணும், அவ்வளவுதான் வேல. துணியும் எடுத்தாச்சுன்னா நீ செய்ய ஒண்ணுமே இல்ல. மொத வருசமெல்லாம் மழைச் சத்தம் கேட்டா தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்குவேன். நெல்லு எங்க, தார்ப்பாய் எங்கன்னு. இவ சிரிப்பா. இப்பப் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு இன்னும் நல்லாத் தூங்குறேன். மழை பெய்யும், நான் தூங்குவேன். அது மாதிரி ஒரு சொகம் இல்லண்ணே."

கார் படத்துக்குப் பட்ட பொறாமை எல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. விதை விட்டதிலிருந்து அறுத்து எடை போடும்வரை நான் ஒரு மழையைக்கூடச் சும்மா கேட்டது இல்லை. நாற்று சின்னதாக இருக்கும்போது பெய்தால் மூழ்கிவிடும். பூக்கும்போது பெய்தால் பதராகிவிடும். முற்றும்போது பெய்தால் சாய்ந்துவிடும். பெய்யாவிட்டால் அது வேறு கவலை. நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், ஒரே மழைச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து வளர்ந்தவர்கள். அவன் மட்டும் தப்பித்துக்கொண்டான். காசு சம்பாதித்திருந்தால் மன்னித்திருப்பேன். இவன் தூக்கத்தை அல்லவா சம்பாதித்திருக்கிறான்!

"அப்ப இங்க மழை பேஞ்சா என்ன பண்ணணும்னே மறந்து போயிருக்கும் ஒனக்கு" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்திருக்கும். பாய் மட்டும் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"மறக்குமா? வேணும்னா பாரு. நீ வீட்டுக்குப் போண்ணே. குளிச்சு எத்தன நாளாச்சு, கிட்ட வர முடியல. அண்ணியக் கூட்டிக்கிட்டுப் போ, குளி, ஒரு தூக்கம் போடு. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

"ஒனக்கு எதுக்குடா சிரமம்?"

"நெல்லு அவனுக்கும் சொந்தம்தாங்க. பேசாம எந்திரிங்க" என்றாள் என் மனைவி.

எழுந்தேன். ஆனால் சும்மா போக என்னால் முடியாது. என்னென்ன செய்ய வேண்டும் என்று தம்பியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றரைக்குள் நெல்லைக் கூட்டிவிட வேண்டும். மரப்பலகையை அழுத்தித் தள்ளக் கூடாது, மண் சேர்ந்துவிடும். குவியலின் மேடு கூர்மையாக இருக்க வேண்டும். சின்னத் தார்ப்பாய் நெல்லுக்கு அடியில், பெரியது மேலே. நாலு மூலைக்கும் கல். மேற்குப் பக்கம் மேடாக இருப்பதால் தண்ணீர் அங்கிருந்து வரும், மண்வெட்டியால் ஒரு கோடு கீறிவிட வேண்டும். மாடு வரும். ஆடும் வரும். யாராவது வந்து முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் சம்மதிக்கக் கூடாது. முறைச் சீட்டு இந்தப் பையில் இருக்கிறது. பையை மடியிலிருந்து எடுக்கக் கூடாது. விரல் விட்டு எண்ணினால் பதினொன்று. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பன்னிரண்டாவது ஒன்று இருந்தது. பெரிய தார்ப்பாய் நடுவில் ஒரு சாண் கிழிந்திருந்தது. அதன்மேல் போன வருஷமே ஒட்டுப் போட்டிருந்தேன், பார்த்தால் தெரியாது. ஆனால் நாலு சொட்டு விழுந்தாலே ஒட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கும். அந்த இடம் குவியலின் மேட்டுக்கு வராமல், தார்ப்பாயை ஒரு பக்கமாக இழுத்து, கிழிசல் மடிப்புக்குள் போகும்படி போட வேண்டும். ஒன்பது நாளாக நான் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். நாக்கு நுனிவரை வந்தது. "போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு" என்று அவன் சொன்ன குரலும் கூடவே வந்தது. ஒரு தரம் நனையட்டும், அப்புறம் சொல்லட்டும் மழையைப் பற்றி என்று ஒரு எண்ணம். அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த அரை நிமிஷத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டேன். நனையப் போவது என் நெல், என் ஒரு வருஷம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பொறாமைக்கு அந்தக் கணக்கு வராதுபோல.

வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "அந்தப் பெஞ்சு கடலப் பாத்து இருக்குமாம்ல" என்றாள். நான் காதில் விழாததுபோல ஓட்டினேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வேகத்தைக் குறைத்தேன். "என்னங்க?" என்றாள். "பள்ளம்" என்றேன். கிழக்கே அப்போதும் ஒன்றும் இல்லை. மழைதான் வராதே, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பாயை விரித்து, ஐந்து நிமிஷம் என்று படுத்தேன்.

விழித்தபோது அறைக்குள் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. தரை சில்லென்று இருந்தது. வாசல் நிலைக்கு உள்ளே ஒரு முழம்வரை சாரல் அடித்து ஈரமாகியிருந்தது. முற்றத்தில் ஓட்டு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி நிலையோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு வேலையும் செய்யாமல்.

"மழையா?"

"ஒரு மணி நேரம் நல்லா அடிச்சுது. இப்பதான் விட்டுச்சு."

"என்னை எழுப்பலியா நீ?"

"எதுக்கு? அங்கதான் ஆளு இருக்காங்கல்ல. நீங்க மழைல தூங்கி நான் பாத்ததே இல்லை. கொறட்டை வேற."

உடம்பெல்லாம் இதமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தம்பி சொன்ன அந்தச் சுகம் எனக்கும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, கிடைத்தது தெரியாமலே தீர்ந்துபோயிருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் சேறு. மேட்டில் ஒரு சாண் கிழிசல், ஒரு மணி நேரத் தண்ணீர், அதற்கு எத்தனை சிப்பம் போகும் என்று கணக்குப் போட்டேன். இருபது என்று வந்தது, நாற்பது என்று வந்தது, களம் வருவதற்குள் நூற்றைம்பதும் போய்விட்டது.

களத்தில் என் குவியலின் மேல் எனக்குத் தெரியாத இரண்டு தார்ப்பாய்கள் இருந்தன. நீலநிறம், புதுசு. மேற்குப் பக்கம் கோடு கீறச் சொன்னதற்கு ஒரு வாய்க்காலே வெட்டியிருந்தான். தம்பி தலையிலிருந்து கால்வரை நனைந்து, சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். அவன் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பலகையோடு, சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பாய் அவருடைய குவியலின் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கோலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தார்ப்பாய் ஓட்ட. ஒனக்குத் தெரியுமா?" என்றான் தம்பி.

"தெரியாதே" என்றேன்.

"ஒட்டுக்கு அடில இருந்துச்சு. மழை ஆரம்பிச்சு அஞ்சு நிமிசத்துல சந்தேகமா இருந்துச்சு, கைய விட்டுப் பாக்கறேன், சொதசொதன்னு இருக்கு. ரோட்டோரம் டீக்கடைக்காரரு வாடகைக்குத் தார்ப்பாய் வெச்சிருக்காருன்னு பாய் சொன்னாரு. ஓடிப்போயி ரெண்டு எடுத்தாந்து போட்டுட்டோம். மேட்டுல ரெண்டு மூட்ட அளவு நனைஞ்சிருச்சு, அத அள்ளித் தனியாப் போட்டிருக்கேன். மத்ததுக்கு ஒண்ணும் இல்ல. இந்தா, கடிச்சுப் பாரு."

குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து நாலு நெல் எடுத்துக் கொடுத்தான். கடித்தேன். டக்கென்று உடைந்தது. காய்ந்துதான் இருந்தது. அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நடுங்கிக்கொண்டிருந்தான், ஆனால் முகம் அப்படி ஒரு பிரகாசம். "எவ்வளவு நாளாச்சுண்ணே இப்படி நனைஞ்சு! காத்து தார்ப்பாயத் தூக்குது, இவ ஒரு மூலைய புடிச்சுக்கிட்டுப் பறக்குறா, பாய் அந்தப் பக்கத்துலேருந்து அடியில போடு, அடியில போடுன்னு கத்துறாரு. நாலு வருசத்துல இப்படி ஒரு நாளு எனக்குக் கெடச்சதில்ல."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. நெல் தப்பித்த அழுகை என்று அவன் நினைத்திருப்பான். அங்கே மழையில் வேலை இல்லை என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. இங்கே மழையில் வேலை இருந்தது, இதுவும் பிடித்துவிட்டது. இரண்டு ஊர் மழையும் அவனுக்கு. ஒன்றில் தூங்குகிறான், ஒன்றில் ஆடுகிறான். நாற்பத்தாறு வருஷமாக என்னைத் தூங்கவிடாத மழை, ஒரு மத்தியானத்தில் அவனுக்கு விளையாட்டாகிவிட்டது.

அவர்கள் இருவரும் டீக்கடைக்குப் போனதும் பாய் மெதுவாக என் பக்கம் வந்தார். கோலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒம்போது நாளா என்கிட்ட அந்த ஓட்டயப் பத்தித்தானே நீ பேசுன?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"போடுறப்பவே நான் கவனிச்சிருக்கணும். என் குவியல்லயும் அப்ப மழை கொட்டுது. நான் என்னுத மூடுவனா, அத பாப்பனா." கோலால் சேற்றைக் கிண்டினார். "நான் சொல்ல மாட்டேன். என் சோலி இல்ல அது. நல்ல பையன் ஒன் தம்பி."

மறுநாள் வெயில் அடித்தது. அதற்கு மறுநாள் எங்கள் முறை வந்தது. மெஷின் பதினாறே முக்கால் காட்டியது. நூற்று நாற்பத்தாறு சிப்பம். கடைசிச் சிப்பம் எடை ஏறுகிறவரை தம்பி என்கூடவே நின்றான். நனைந்து தனியாகக் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவித்துக் காயவைத்து, சாப்பாட்டுக்கு அரைத்துக்கொண்டோம். சோற்றில் லேசாக ஒரு வாடை இருந்தது. கூடுதலாக ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டு அதையும் ருசித்துச் சாப்பிட்டான்.

வாடகைத் தார்ப்பாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது. இரண்டு தார்ப்பாய், மூன்று நாள். டீக்கடைக்காரரிடம் தம்பியே கொடுத்துவிட்டிருந்தான். நெல்லுப் பணம் என் கணக்கில் ஏறிய மறுநாள்தான் அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. தம்பியின் சட்டைப் பையில் பணத்தை வைத்தேன்.

"என்னண்ணே இது?"

"தார்ப்பாய் வாடகை."

"இதுக்கெல்லாமா? நம்ம நெல்லுதானே" என்று எடுத்து என் கையிலேயே திணித்தான். "எனக்காக நீ படிப்பையே விட்டவன். இதப் போயி..."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டை எனக்குத் தெரியும் என்று. முடிந்தால் கணக்குப் பரீட்சையையும் சேர்த்து. வேன்காரர் ஹாரன் அடித்தார். என் மனைவியும் தம்பி மனைவியும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பணத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது என் மனைவி சாயங்காலம் வாய்க்கால் மதகில் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். எங்கே போனாய் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பி ஃபோன் பண்ணுவான். பேச்சுக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

"என்னடா சத்தம்?"

"மழைண்ணே. சும்மா பெய்யுது."

அவன் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருப்பேன். சும்மா பெய்கிற மழை எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு. போன வாரம் சொன்னான், "என்ன இருந்தாலும் அன்னிக்குக் களத்துல பேஞ்சுதே, அது மாதிரி வராதுண்ணே." எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

அந்த வாடகைப் பணம் நிலத்துச் சிட்டா அடங்கல் வைத்திருக்கும் பையில் தனியாக மடித்துக் கிடக்கிறது. செலவுக்கு எடுக்க மனசு வரவில்லை. அடுத்த தடவை அவன் வரும்போது கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஏன் என்று கேட்பான். அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை தம்பிக்கு நான் தர வேண்டியது தொள்ளாயிரம் ரூபாய்.